தோழனுக்காகச் சுமக்கும் பெட்டி

எடை ஏறத்தாழ 200 கிராம். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆள் நடமாட்டமில்லாத பனிமலைகளில் சறுக்கப் போகிறவர்கள் காலையில் வெளிக்கோட்டுக்கு உள்ளே, நெஞ்சோடு சேர்த்து, வார் போட்டு இதைக் கட்டிக்கொள்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை ஒரு காந்தத் துடிப்பை அனுப்பத் தொடங்கும். சாயங்காலம் இறங்கிவந்து அணைக்கிறவரை ஓயாது. பீக்கன் என்பார்கள், டிரான்ஸீவர் என்பார்கள். பனிச்சரிவு வருவதை இது சொல்லாது, வந்தால் தடுக்காது. கட்டியிருப்பவர் பனிக்குள் புதைந்துபோனால், கூட வந்த இன்னொருவரிடம் இதேபோல் இன்னொரு பெட்டி இருந்து, அவர் வெளியே பிழைத்து நின்று, அதைத் தேடும் நிலைக்கு மாற்றினால்தான் இதற்குப் பயன். தனியாகப் போகிறவருக்கு இது கிட்டத்தட்ட வெறும் சுமைதான். இந்தப் பெட்டியின் அரை நூற்றாண்டுக் கதையில் நடந்த சண்டைகள், திருத்தங்கள், தோல்விகள் எல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்தே கிளம்பியவை என்று எனக்குப் படுகிறது. தன் காசில் வாங்கி, அடுத்தவர் உயிருக்காகக் கையில் எடுக்கிற பொருள் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்?

இது வருவதற்கு முன்னால் புதைந்தவரைத் தேட இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று நாய். ஆல்ப்ஸ் மலையில், சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில், துறவிகள் நடத்திய சத்திரத்தில் 1800 முதல் 1812 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். எண்ணிக்கையில் கதையும் கலந்திருக்கலாம்; பாடம் செய்யப்பட்ட அந்த நாய் இன்றும் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் நிற்பது உண்மை. இன்னொரு வழி சிவப்புக் கயிறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவேரிய மலையேறிகளிடையே பரவியது. இடுப்பில் கட்டிய நீளமான சிவப்புக் கயிறு பின்னால் இழுபட்டு வரும். சரிவில் ஆள் புதைந்தாலும் லேசான கயிற்றின் ஒரு பகுதியாவது மேலே மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டே ஆளிடம் போய்விடலாம் என்பது கணக்கு. எந்தப் பக்கம் தோண்டுவது என்று தெரியக் கயிற்றில் அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பல தடவை கயிறும் ஆளோடு சேர்ந்தே புதைந்துபோனது.

இரண்டுக்குமே நேரம்தான் எமன். நாய் கீழே ஊரில் இருக்கிறது. செய்தி போய், ஆள் கிளம்பி, நாய் மேலே வந்து சேர ஒரு மணி நேரம் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். பனிக்கடியில் இருப்பவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. 1994இல் நேச்சர் இதழில் ஃபால்க், ப்ரூகர் முதலிய மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்ட வரைகோடு இதைக் கண்முன்னால் நிறுத்தியது. சுவிட்சர்லாந்தில் முழுமையாகப் புதைந்தவர்களின் விவரங்களிலிருந்து அதை வரைந்தார்கள். முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் 100க்கு 92 பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடமானால் 30 பேர்தான். அந்த இருபது நிமிட இடைவெளியில் கோடு செங்குத்தாக விழுகிறது. குளிரால் சாகிறவர்கள் குறைவு. மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். விட்ட மூச்சின் ஈரம் முகத்தைச் சுற்றிய பனியில் பட்டு உறைந்து, காற்று புகாத ஓடாகிவிடுகிறது. பிறகு கனடாவில் நடந்த ஆய்வும், அண்மையில் சுவிஸ் விவரங்களை வைத்து மறுபடி செய்த ஆய்வும் அந்த முதல் 15 நிமிடத்தையும் 10 நிமிடமாகச் சுருக்கிவிட்டன. பத்து நிமிடத்துக்குள் அந்த மலைச்சரிவுக்கு எந்த மீட்புப் படையும் வந்து சேராது. ஏற்கெனவே அங்கே நிற்கிறவர் யாரோ அவர்தான் மீட்புப் படை.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்தின் கார்னெல் ஏரோநாட்டிகல் ஆய்வகத்தில் ஜான் லாட்டன் என்ற பொறியாளர் இருந்தார். 1968இல் அவர் இந்தப் பெட்டியின் முதல் மாதிரிகளைச் செய்தார். நார்டிக் புராணங்களில் பனிக்கும் மலைக்கும் வேட்டைக்கும் உரியவளான ஸ்காடியின் பெயரை அதற்கு வைத்தார். 1971இல் ஸ்காடி விற்பனைக்கு வந்தது. அதன் எளிமையை நினைக்க நினைக்க வியப்புதான். பெட்டிக்குள் ஒரு கம்பிச்சுருள், அதில் நொடிக்கு 2,275 தடவை அதிரும் மின்னோட்டம். சுற்றிலும் அதே வேகத்தில் துடிக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. தேடுகிறவரின் பெட்டியிலும் ஒரு சுருள். புலம் அதில் பட்டதும் அதே அதிர்வில் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. 2,275 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் காது நேரடியாகக் கேட்கக்கூடிய சுருதி. ஆகவே ரேடியோ பெட்டியில் இருப்பதுபோல் அதிர்வை மாற்றும் வேலை எதுவும் தேவைப்படவில்லை. மின்னோட்டத்தைப் பெருக்கிக் காதில் மாட்டிய சிறு செவிப்பானுக்கு அனுப்பினால் போதும், புதைந்தவரின் துடிப்பு அப்படியே கேட்கும். பனியோ நீரோ பாறையோ இந்தப் புலத்தைப் பெரிதாக மறைப்பதில்லை. மனித உடலும் மறைப்பதில்லை.

காதால் தேடுவது தனிக் கலையாக இருந்தது. புலத்தின் வலிமை தூரத்தின் மூன்றாம் படியில் குறைகிறது: தூரம் பாதியானால் வலிமை எட்டு மடங்கு ஏறும். கிட்டே போகப் போகச் சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் மனிதக் காது பெரிய சத்தங்களுக்கு இடையே வித்தியாசம் காண்பதில் மந்தம். மெல்லிய சத்தங்களில்தான் கூர்மை. அதனால் சத்தம் கூடும்போதெல்லாம் குமிழைத் திருகி, கேட்டும் கேட்காமலும் இருக்கும் அளவுக்குக் குறைத்துக்கொண்டே முன்னேற வேண்டும். நண்பன் மூச்சில்லாமல் கிடக்கிறான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில், சத்தம் உரக்கக் கேட்க வேண்டுமென்று கை துடிக்கும்போது, அதைக் குறைக்கச் சொல்கிறது பயிற்சி. நேராக நடந்து, சத்தம் உச்சத்துக்குப் போய் இறங்கும் இடத்தில் அடையாளம் வைத்து, அங்கிருந்து செங்கோணத்தில் திரும்பி, மறுபடி உச்சம் தேடி, இப்படிக் கட்டம் கட்டமாக இடத்தைச் சுருக்க வேண்டும். பழகியவர்கள் சில நிமிடங்களில் கண்டுபிடித்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பவர்கள் திணறினார்கள்.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் ஆட்டோஃபோன் நிறுவனம் வேறொரு பெட்டியைச் செய்துகொண்டிருந்தது. 1970 பிப்ரவரி 24 அன்று வாலிஸ் மாநிலத்தின் ரெக்கிங்கன் கிராமத்தின் மேல் விழுந்த பனிச்சரிவில் 30 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் ராணுவ அதிகாரிகள். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் சுவிஸ் ராணுவம் ஆட்டோஃபோனின் பெட்டியை வாங்கத் தொடங்கியது. பெயர் பாரிவாக்ஸ், அந்த நாயின் நினைவாக. அதன் அதிர்வெண் 457 கிலோஹெர்ட்ஸ். லாட்டனின் 2.275 கிலோஹெர்ட்ஸைவிட மிக உயரம், காதுக்கு எட்டாதது. உள்ளே மாற்றித்தான் கேட்க வைக்க வேண்டும். ஆனால் இன்னும் தொலைவிலிருந்தே பிடித்தது. ஆஸ்திரியாவில் பீப்ஸ் நிறுவனம் அதே ஆண்டுகளில் லாட்டனின் அதிர்வெண்ணில் பெட்டி செய்தது.

இங்கேதான் இதன் குணம் வில்லங்கமாக மாறியது. சுவிஸ்காரரும் ஆஸ்திரியரும் ஒன்றாக மலை ஏறுகிறார்கள், இருவர் நெஞ்சிலும் பெட்டி துடிக்கிறது, ஒருவர் புதைகிறார், மற்றவர் பெட்டிக்கு எதுவும் கேட்கவில்லை. இரண்டும் நல்ல பெட்டிகள்; ஒன்றுக்கொன்று செவிடு. தோழனுக்காகவே செய்த பொருளுக்கு இதைவிடக் கேடு உண்டா? 1980இல் தொடங்கிய ஆர்டோவாக்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் இரண்டு அதிர்வெண்களையும் அனுப்பவும் வாங்கவும் கூடிய பெட்டியைக் கொண்டுவந்து இடைவெளியை நிரப்பப் பார்த்தது. அது ஒட்டுப் போடும் வேலைதான். ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகளில் 457 தெளிவாக முந்தியது. மலை மீட்பு அமைப்புகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. ஸ்காடி பிறந்த அமெரிக்காவும் கடைசியில் 1996க்குள் பழைய அதிர்வெண்ணை முழுக்கக் கைவிட்டது. தன் கண்டுபிடிப்பின் எண்ணைவிட எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் முக்கியம் என்று ஒரு நாட்டின் மலைக்காரர்கள் ஒப்புக்கொண்டது சாதாரணமில்லை. கையிலிருந்த நல்ல பெட்டிகளைத் தூக்கிப்போட வேண்டியிருந்தது.

இன்று எந்த நாட்டில், எந்தக் கடையில் வாங்கினாலும் இந்தப் பெட்டி 457இல்தான் பேசும். ஐரோப்பியத் தரநிலை இன்னும் நுணுக்கமாகப் போகிறது. அதிர்வெண் 80 ஹெர்ட்ஸுக்கு மேல் இப்படியும் அப்படியும் நகரக்கூடாது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதற்கும் வரம்பு உண்டு. மின்கலம் 200 மணி நேரம் அனுப்பிய பிறகும், குளிரில் ஒரு மணி நேரம் தேடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டும். கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. தான் புதைந்துகிடக்கும் நேரத்தை மட்டும் எண்ணாமல், இன்னொருவரைத் தேடும் ஒரு மணி நேரத்தையும் சட்டமே எடுத்துவைத்திருக்கிறது.

காது போய்க் கண் வந்தது 1997இல். கொலராடோவின் போல்டர் நகரத்தில் தொடங்கிய பேக்கன்ட்ரி ஆக்ஸஸ் என்ற சிறு நிறுவனம் டிராக்கர் என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. ஒன்றுக்குப் பதில் இரண்டு ஆன்டெனாக்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. இரண்டும் வாங்கும் வலிமையை ஒப்பிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போட்டு, விளக்குகளால் திசையும் எண்ணால் தூரமும் காட்டியது. பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். காதால் பிடிக்கும் தூரத்தைவிட இது பிடிக்கும் தூரம் குறைவு என்றார்கள், அது உண்மையும்கூட. ஆனால் முதல் தடவை கையில் எடுக்கிறவரும் விளக்கின் பின்னால் நடந்துபோய் ஆளை அடைந்துவிட முடிந்தது என்பதுதான் பெரிய விஷயம். கூட வருகிற எல்லோரும் கலைஞர்களாக இருப்பதில்லை. கடைசிவரை பழகாத ஒருவர்தான் அன்று வெளியே நிற்கக்கூடும்.

அம்பைப் பின்தொடர்ந்து போனால் நேர்க்கோட்டில் போக மாட்டோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காந்தத்தின் மேல் காகிதம் வைத்து இரும்புத்தூள் தூவினால் தூள் வளைந்து வளைந்து வரிசை கட்டுவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்போம். பனிமேல் நடக்கிறவரும் அதேபோன்ற கண்ணுக்குத் தெரியாத வளைவின்மேல்தான் நடக்கிறார். திரையில் 30 என்று வந்தால் வளைவு வழியாகச் சுமார் 30 மீட்டர் என்று பொருள். எண் குறைந்துகொண்டே வந்தால் சரியான வழி. கூடினால் அதே வளைவில் எதிர்த்திசையில் போகிறீர்கள்; திரும்ப வேண்டும். இது தெரியாதவர்கள், அம்பு திடீரென்று பக்கவாட்டில் திரும்பும்போது பெட்டி கெட்டுவிட்டதென்று நினைத்து நின்றுவிடுகிறார்கள்.

இரண்டு ஆன்டெனாக்களுக்கும் ஒரு குறை இருந்தது. புதைந்தவரின் பெட்டி நட்டுவைத்த மாதிரி செங்குத்தாகக் கிடந்தால், அதுவும் ஆழத்தில் கிடந்தால், ஆள் இல்லாத இடத்தில் எண் மிகச் சிறியதாகக் காட்டும். ஆளின் நேர் மேலே வந்தால் பெரிதாகிவிடும். 2003இல் பீப்ஸ் மூன்றாவது ஆன்டெனாவைச் சேர்த்து, மூன்று திசைகளையும் ஒன்றாகக் கணக்கிட்டு அந்த மயக்கத்தைப் போக்கியது. சில ஆண்டுகளில் மூன்று ஆன்டெனாவே எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் புதைந்தால் ஒருவரின் துடிப்பை இன்னொருவருடையதிலிருந்து பிரித்து, கண்டுபிடித்தவரை அடையாளமிட்டு ஒதுக்கி, அடுத்தவரிடம் கூட்டிப்போகும் வசதியும் வந்தது.

கடைசி மூன்று மீட்டரில் வேகம் கூடாது. அதுவரை ஓடியவர் அங்கே மண்டியிடுகிறார். பெட்டியைப் பனியின் மேற்பரப்பை உரசுவதுபோல் பிடித்து, கையை முறுக்காமல், மெதுவாக முன்னே நகர்த்துகிறார்: 2.4, 1.9, 1.3, 1.1, 1.4. கூடிவிட்டது. 1.1க்குத் திரும்பி, அங்கிருந்து இடமும் வலமும் நகர்த்திச் சிறிய எண் உள்ள புள்ளியைக் குறிக்கிறார். பெட்டியின் வேலை இத்தோடு முடிந்தது. பையிலிருந்து மடக்குக் கம்பியை எடுத்து உதறினால் துண்டுகள் கோத்துக்கொண்டு இரண்டரை மீட்டருக்கு மேல் நீளமாகிறது. அதைப் பனியின் சரிவுக்குச் செங்குத்தாக இறக்குகிறார். படாவிட்டால் 25 சென்டிமீட்டர் தள்ளி, சுருள் வட்டமாக, மறுபடி மறுபடி. தரையில் பட்டால் டக்கென்று நிற்கும். பனிக்கட்டியில் பட்டால் கரகரக்கும். ஆள்மேல் பட்டால் கொஞ்சம் அமுங்கித் திருப்பித் தள்ளும். அந்த வித்தியாசம் கையுறைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியப் பழக்கம் வேண்டும். பட்ட கம்பியைப் பிடுங்கவே கூடாது. அதுதான் இனி வழிகாட்டி.

பிறகு ஷவல். பெட்டியைப் பற்றி விளம்பரங்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன, ஷவலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். மேலிருந்து வழுக்கி வந்த பனி, நின்றதும் சிமெண்ட்போல் இறுகிவிடுகிறது. பிளாஸ்டிக் ஷவல் அதில் உடைந்துபோகும், அலுமினியம் வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை நகர்த்த வேண்டும். தேடிக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்தைவிடத் தோண்டத்தான் பெரும்பாலும் அதிக நேரம் போகிறது. கம்பி நிற்கும் இடத்தில் நேரே குழி பறித்தால் பள்ளம் சரிந்துகொண்டே இருக்கும். புதைந்தவரின் காற்றுவெளியை நாமே மிதித்து அடைத்துவிடவும் கூடும். அதனால் சரிவின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று, பக்கவாட்டில் புகுந்து தோண்டுகிறார்கள். ஆட்கள் நிறைய இருந்தால் ஆங்கில வி எழுத்துபோல் நின்று, முன்னால் இருப்பவர் வெட்ட, பின்னால் இருப்பவர்கள் துடுப்புப் போடுவதுபோல் பனியைப் பின்னுக்குத் தள்ள, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாறுகிறார்கள்.

தோழன் வெளியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு நெருக்கமான ஒரு துயரம் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் சாவடியின் மேல் பெரும் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். சாவடியில் இருந்த எல்லோரும் ஒன்றாகப் புதைந்ததால் பக்கத்தில் தோண்ட ஆளில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் கல்லாய் இறுகிய பனிக்கட்டியை நாள் கணக்கில் வெட்டினார்கள். டாட், மிஷா என்ற இரண்டு நாய்கள் மோப்பம் பிடித்துக் காட்டிய இடத்தில், ஆறு நாள் கழித்து, சுமார் 25 அடி ஆழத்திலிருந்து கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு எடுக்கப்பட்டார். டெல்லி மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். அத்தனை ஆழத்தில், அத்தனை பனிக்கட்டிக்கு அடியில், நெஞ்சில் கட்டும் ஒரு பெட்டி எதையும் மாற்றியிருக்காது. அந்தப் பிள்ளைகள் பொழுதுபோக்கப் போனவர்களும் இல்லை.

விரும்பிப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஆபத்தான சரிவை ஒருவர் பின் ஒருவராகத்தான் கடக்கிறார்கள். மற்றவர்கள் ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நின்று, கடக்கிறவரைக் கண்ணெடுக்காமல் பார்க்கிறார்கள். சரிந்தால் கடைசியாக அவரைப் பார்த்த இடம் எது என்று தெரிய வேண்டும். தேடல் அங்கிருந்துதான் தொடங்கும். விபத்துகளில் பத்தில் ஒன்பது தடவை சரிவைக் கிளப்பிவிடுவது புதைகிறவரோ அவரோடு வந்தவரோதான். ஆகவே 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவு எது, புதுப் பனி எப்போது விழுந்தது, காற்று அதை எந்தப் பக்கம் குவித்தது, அன்றைய அபாய நிலை ஒன்று முதல் ஐந்து வரை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விவரம் தெரிந்தவர்கள் பெட்டியைக் கட்டுகிறார்கள். முழுதாகப் புதைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பிழைப்பதில்லை. பெட்டி இருக்கிறதே என்ற தைரியத்தில், இல்லாவிட்டால் போகமாட்டாத சரிவில் இறங்குவது அதைச் செய்தவர்கள் யாரும் நினைத்துப் பார்க்காத பயன்பாடு.

நவீன வாழ்க்கை இந்தப் பெட்டிக்குப் புதுப் பகைகளையும் கொண்டுவந்திருக்கிறது. கைப்பேசி, சூடேற்றும் கையுறை, ஹெல்மெட் கேமரா எல்லாம் தங்கள் சொந்த மின்காந்த இரைச்சலைக் கிளப்புகின்றன. அனுப்பும்போது இவற்றை 20 சென்டிமீட்டராவது தள்ளி வை, தேடும்போது 50 சென்டிமீட்டராவது தள்ளி வை என்பது இப்போது முதல் பாடம். சுவிட்ச்கூட உயிர்ப் பிரச்சினை. நடுவழியில் உரசித் தானாக அணைந்தால், அல்லது அனுப்புவதிலிருந்து தேடலுக்குத் தாவிவிட்டால், புதைந்தவர் ஊமை. பரவலாக விற்ற சில மாடல்களின் சுவிட்ச் பூட்டு பற்றிப் புகார்கள் குவிந்து, 2021இல் அவற்றைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

அதனால் கிளம்பும்போது ஒரு சடங்கு உண்டு. குழுத்தலைவர் வழியில் நின்று தன் பெட்டியைத் தேடும் நிலையில் வைத்துக்கொள்கிறார். மற்றவர்கள் சில மீட்டர் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடக்கிறார்கள். ஒவ்வொருவரின் துடிப்பும் அவருக்குக் கேட்க வேண்டும். கடைசியில் அவர் தன்னுடையதை அனுப்பும் நிலைக்கு மாற்ற, இன்னொருவர் அதைக் கேட்டுச் சரிபார்க்கிறார். இரண்டு நிமிட வேலை. காலைக் குளிரில் எல்லோரும் அவசரப்படுவார்கள். இதில் மட்டும் அவசரப்படுகிற தலைவரோடு மலை ஏறாதீர்கள் என்றே சொல்வேன்.

ஆல்ப்ஸிலும் வட அமெரிக்காவிலும் பல பனிச்சறுக்கு மையங்களின் ஓரத்தில் இப்போது பயிற்சித் திடல்கள் இருக்கின்றன. பனிக்கடியில் பல டிரான்ஸ்மிட்டர்களை நிரந்தரமாகப் புதைத்திருப்பார்கள். திடலின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பொத்தானை அழுத்தி எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும். தேடி, மண்டியிட்டு, கம்பியை இறக்கி, அடியிலுள்ள பலகையில் பட்டால் கண்டுபிடித்ததாகப் பதிவாகும், கடிகாரம் நிற்கும். நல்ல ஏற்பாடு, பலருக்குக் கை பழக உதவியிருக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் தோண்டும் நேரத்தை எண்ணுவதில்லை. அதனால் நல்ல பயிற்சியாளர்கள் அதோடு விடுவதில்லை. துணி திணித்த பெரிய முதுகுப்பைக்குள் ஒரு பெட்டியை வைத்து, ஒரு மீட்டருக்கு மேல் ஆழத்தில் புதைத்து, மேலே பனியை மிதித்து இறுக்கிவிட்டு, சீடர்கள் கையில் ஷவலைக் கொடுத்து, பை முழுதும் வெளியே வருகிறவரை நேரத்தை எண்ணுகிறார்கள்.